ரயில் போய் முடியும்வரை வராத மூச்சு

தம்பி, நீ போனை எடுக்கவில்லை என்பதற்காக இந்தக் கடிதம் இல்லை. எடுத்திருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். போனில் என்றால் நான் சொல்ல வந்த இடத்துக்குப் போவதற்குள் நீ "சரியப்பா, ஒபிசில நிக்கிறன்" என்று வைத்துவிடுவாய். நான் நேர்வழியில் போகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். காலி வீதியில் நெரிசல் என்றால் ஆட்டோவை ஒரு ஒழுங்கைக்குள் விட்டு, அதிலிருந்து இன்னொரு ஒழுங்கைக்குப் போய், ஆரோ ஒருத்தரின் வீட்டுக் கொடியில் காய்கிற சாரத்துக்குக் கீழால் குனிந்து, கடைசியில் எப்படியோ போகவேண்டிய இடத்தில் கொண்டுபோய் விடுகிறவன் நான். கதைக்கிறதும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றதால் எழுத்து எனக்குக் கைக்கு வராது. அதனால் நான் வாயால் சொல்கிறேன், அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்து அதைக் கடிதத் தமிழாக்கி எழுதுகிறாள். இடைக்கிடை நிமிர்ந்து, "இதையும் எழுதவேணுமோ?" என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் போன ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். நீ கல்கிசையிலிருந்து வந்திருந்தாய். அம்மா நண்டுக்கறி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, கலியாண மண்டபத்துக்காரன் கேட்ட ஆட்கணக்கைச் சொல்லிக்கொண்டே சாய்மனைக் கதிரையில் சரிந்தாய். கணக்கு பாதியில் நின்றுவிட்டது, நீ நித்திரை. யன்னல் சீலை காற்றுக்கு உள்ளே வந்து உன் முழங்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மூன்றாம் மாடியில் இருப்பதில் எனக்குள்ள சுகம் அந்தக் காற்றுத்தான். அது மத்தியானத்தில் வரும்போது வீடு முழுக்க மிதக்கிறமாதிரி இருக்கும். நான் எதிரே இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீசை வைத்த பிள்ளையை நித்திரையில் பார்க்கிற வாய்ப்பு தகப்பனுக்கு அடிக்கடி கிடைக்காது. உன் குறட்டை ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. பிறகு நின்றது. அந்த நேரம் பார்த்துக் கோட்டைப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்தது. கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் அது போய் முடிந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் நடுங்கி ஓய்ந்தது. அதுவரைக்கும் உன் மூச்சு வரவில்லை. நெஞ்சு உள்ளே இழுக்கப் பார்க்கிறது, காற்று போகவில்லை. ரயில் தெகிவளைப் பக்கம் மறைந்த பிறகுதான், கிணற்றுக்குள் முங்கி எழும்புகிறவனைப்போல ஒரு பெரிய இழுவை இழுத்து, வாயைச் சப்பி, ஒன்றும் நடக்காததுமாதிரி மற்றப் பக்கம் திரும்பினாய்.

என் குறட்டையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டு வந்தும் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்றைக்கு உன்னில்தான் அதைக் கேட்டேன்.

உன்னை எழுப்பி, எனக்குச் செய்ததுமாதிரி உனக்கும் நித்திரைப் பரிசோதனை செய்ய டொக்டரிட்டைக் கதைத்து முன்னமே நாள் எடுத்து வைத்திருக்கிறேன், வாறதுக்கு அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணி என்று சொன்னேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு நீ கேட்டது அப்படியே என் காதில் இருக்கிறது. "கலியாணத்துக்கு ஒரு மாசம்கூட இல்ல. மூஞ்சியில தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு மணவறையில இருக்கச் சொல்றீங்களோ?" அம்மா சிரித்துவிட்டாள். நானும்தான். நான் நித்திரையில் மூச்சுக்குப் போடுகிற மெஷினின் குழாயைத்தான் தும்பிக்கை என்றாய். மணவறையில் தேவையில்லை, படுக்கிறபோது போட்டால் போதும் என்றேன். அதற்குப் பிறகு நீ சொன்னதுக்குத்தான் ஆரும் சிரிக்கவில்லை. "தர்ஷி வீட்டு ஆக்கள் வரேக்க உங்கட மெஷினை நீங்களே அலுமாரிக்கு மேல ஒளிச்சு வைச்சனீங்கள். இப்ப எனக்கு வந்து படிப்பிக்கிறீங்கள்." செருப்பைக்கூடச் சரியாகக் கொழுவாமல் படியிறங்கிப் போனாய். இந்தக் கடிதம்தான் அதற்கு மறுமொழி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பிழை இருக்கிறது. படுத்தவுடன் நித்திரையாகிறவனை நாங்கள் நல்ல மனிசன் என்று நினைக்கிறோம். மனதில் கள்ளம் இல்லை, அதுதான் தலையணை பட்டதும் போய்விடுகிறான் என்போம். குறட்டை விட்டால் இன்னும் நல்லது, உழைத்த உடம்பு என்போம். கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் நாங்கள் எல்லோரும் பாயில் படுத்த காலத்தில், நானும் உன் பெரியப்பாவும் போட்டிபோட்டுக் குறட்டை விடுவோமாம். பக்கத்து வீட்டு மனிசி காலையில் தண்ணிக் குழாயடியில் வைத்து, "ராத்திரி ரெண்டு லொறியும் மலையேறினது கேட்டுது" என்று பகிடி விடுவா. எங்களுக்கு அது பெருமை. ஆட்டோத் தரிப்பிடத்தில் நான் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே நித்திரையாகிவிடுவேன். மற்ற ஓட்டக்காரர்கள் "கொடுத்து வைச்சவன்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன்னைச் சின்னனில் என் வயிற்றில் போட்டுக்கொண்டு படுப்பேன். நீ நித்திரையாகாமல் அடம்பிடித்தால், "அப்பாவைப்போல ஆம்பிளை மாதிரிப் படு" என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அம்மா அந்தக் காலத்தில் நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்குப் போன வருசம்தான் தெரியும். என் மூச்சு நிற்கிறபோது அவளுக்கு விழிப்பு வந்துவிடுமாம். கால் பெருவிரலால் என் கெண்டைக்காலில் ஒரு இடி இடிப்பாளாம். நான் இழுத்து மூச்சுவிட்டுத் திரும்புவேனாம். பிறகு அவள் கண்ணை மூடுவாளாம், பிறகு திரும்பவும் இடி. விடியுமட்டும் இதுதான் வேலை. நீ அவளைச் சிடுசிடுப்பான மனிசி என்று சொல்லுவாய், நானும் சொன்னேன். நித்திரையில்லாத மனிசி என்று ஒருவரும் சொல்லவில்லை.

பெரியப்பாவை உனக்கு நல்லாக ஞாபகம் இருக்கும். துறைமுகப் பக்கம் சாமான் கிட்டங்கியில் வேலை செய்தவர், எந்த மூட்டை எந்த மூலையில் என்று தாளைப் பார்க்காமல் சொல்லுவார். அறுபது தாண்டினபிறகு சட்டை போட்டிருக்கிறாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு பெரியம்மா செத்துப்போன விசயம். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுச் செய்தி, ஒவ்வொரு நாளும் புதிதாக அழுதார். அதனால் நாங்கள் பொய் சொல்லப் பழகினோம், அவ சந்தைக்குப் போயிருக்கிறா என்போம். ஒருநாள் பகல் நான் அவருக்கு இடியப்பம் கொண்டுபோனேன். கதவடியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார், "அண்ணை, நீங்கள் ஆரைத் தேடி வந்தனீங்கள்?" தம்பி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிசன் என்னை அண்ணை என்று கூப்பிட்டார். நான் என்ன செய்வது? "உங்களைத்தான் தேடி வந்தனான் தம்பி" என்றேன். அவருக்கு அது சந்தோசமாக இருந்தது. இரண்டு பேரும் படியில் இருந்து இடியப்பம் தின்றோம்.

போன வருசம் பம்பலப்பிட்டி சிவப்பு விளக்கில் நின்ற நான் பச்சை வந்தும் எடுக்கவில்லை. பின்னால் எல்லோரும் ஹோர்ன் அடிக்கிறார்கள். பொலிஸ்காரப் பொடியன் வந்து கூரையில் தட்டி, "அய்யே, நிதாகத்தத?" என்று கேட்டான். நித்திரையாகிட்டியா என்று சிங்களத்தில் கேட்கிறான், கோபமாகக்கூட இல்லை. அவனை மல்லி, தம்பி என்று கூப்பிட்டு, இல்லை, யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். பின்சீற்றில் இருந்த பிள்ளை இறங்கி வேறு ஆட்டோவில் ஏறிவிட்டது. அன்றைக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனதால்தான் டொக்டரைக் கண்டேன். ஒரு இரவு நெஞ்சில் பட்டி, விரலில் கிளிப், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய், ஏதோ சந்திரனுக்கு அனுப்பப்போகிறவனைப்போல என்னைப் படுக்கவைத்தார்கள். காலையில் டொக்டர் கோடு கோடாக ஒரு தாளைக் காட்டினா. நான் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவ கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் மறுமொழி சொன்னா.

"உங்கட அண்ணாவுக்கு இதாலதான் வந்தது எண்டு நான் சொல்லமாட்டன் ஐயா. அது எனக்குத் தெரியாது. ஆனா நித்திரையில தொண்டை அடைச்சு மூச்சு நிக்க நிக்க, மூளைக்குப் போற ஒட்சிசன் குறையுது. மூளை ஓய்வெடுத்துத் தன்னைத் துப்பரவாக்கிற நேரம் அதுதான். அதைக் குழப்பிக் குழப்பி வருசக்கணக்கா விட்டா, பிற்காலத்தில மறதி நோய் வாற ஆபத்துக் கூட."

"மெஷினைப் போட்டா வராதோ?"

"வராது எண்டு எழுதித் தரமாட்டன். குறையும் எண்டு நம்புறம். பிரஷரும் இறங்கும், பகலில முழிப்பா இருப்பீங்கள். எங்கட கையில பிடிக்கக்கூடிய ஒரு விசயம் இது. பிடிக்காம விடலாமோ?"

படிக்காதவனுக்கும் விளங்குகிறமாதிரி அந்தப் பிள்ளை சொன்னா. உறுதி தராமல் விட்டதால்தான் எனக்கு அவவில் நம்பிக்கை வந்தது. மெஷின் வீட்டுக்கு வந்தது. முதல் மூன்று நாள் அதை நான் வெறுத்தேன். புயல்காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு படுக்கிறமாதிரி. நாலாம் நாள் எனக்கு ஒரு கனவு வந்தது.

நீ சிரிப்பாய். கனவு எல்லோருக்கும் வருகிறதுதானே என்பாய். எனக்கு வருவதில்லை, தம்பி. உன்னைத் தூக்கித் திரிந்த காலத்திலிருந்து எனக்குக் கனவு என்ற ஒன்று வந்ததாக ஞாபகமே இல்லை. படுத்தால் இருட்டு, எழும்பினால் தலையிடி. டொக்டர் பிறகு சொன்னா, கனவு வருகிற ஆழத்துக்கு நான் போய்ச் சேர என் மூச்சு இடம் விடவில்லையாம், வாசல்வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறேனாம். நாலாம் நாள் உள்ளே போய்விட்டேன். ஆட்டோவைக் கடற்கரைத் தண்டவாளத்தில் ஓட்டுகிறேன். ஒரு பக்கம் கடல், அலை வந்து சில்லை நனைக்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால், நான் இவ்வளவு காலமும் ஏற்றியிறக்கிய சனம் முழுக்கப் பின்சீற்றில் இருக்கிறார்கள். நெருக்கமே இல்லை. முன்னொருநாள் தன் பிள்ளையின் கலியாணத்துக்கு மூன்று தட்டுக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடைவேகத்தில் ஓடச்சொன்ன மனிசி இருக்கிறா. கேக்கும் இருக்கிறது, ஒரு பூக்கூடக் கழலவில்லை. பெரியப்பா எனக்குப் பக்கத்தில் அரைச்சீற்றில் தொங்கிக்கொண்டு வருகிறார், ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் பெயர் சொல்லுகிறார், ஒன்றும் பிழைக்கவில்லை. மாசக்கணக்காக இப்படித்தான். பகல் தேத்தண்ணி குடிக்கிறபோதும் அந்தக் கனவின் ஈரம் காலில் இருக்கும். வாழ்க்கையின் மூன்றில் ஒரு பங்கை எனக்குத் திருப்பித் தந்தமாதிரி இருந்தது.

அப்படிப்பட்ட மெஷினைத்தான் நான் அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். அதை இப்போது சொல்கிறேன்.

தர்ஷி வீட்டு ஆட்கள் முதல்முறை வீடு பார்க்க வருகிறார்கள் என்ற காலையில், அந்தக் குழாயும் முகமூடியும் கட்டில் தலைமாட்டில் கிடந்தன. பார்க்க ஆஸ்பத்திரி வார்ட்மாதிரி இருந்தது. ஒட்சிசன் மெஷினில் கிடக்கிற தகப்பன், எல்லாம் மறந்து செத்துப்போன பெரியப்பா, இப்படி ஒரு குடும்பத்துக்குப் பெண் கொடுப்பார்களா என்று எங்களுக்குப் பயம் வந்தது. "பேச்சுக்கால் முடியட்டும், பிறகு எடுத்துப் போடலாம்" என்று அம்மாதான் முதலில் சொன்னாள். இந்த இடத்தில் அம்மா பேனையை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். ஓம், அவள் சொன்னாள், ஆனால் ஸ்டூலில் ஏறி வைத்தது நான். ரைஸ் குக்கர் வந்த வெற்றுப் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே பழைய பேப்பரும் வைத்தேன். அவர்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு கைநனைக்க வந்தார்கள். ஒரு வீட்டில் சோறு தின்று கைநனைத்தால் சம்மதம் முடிந்தமாதிரி, அதற்குப் பிறகாவது இறக்கியிருக்கலாம். அதற்குள் ஊரிலிருந்து சித்தப்பாமார் கலியாண அலுவல் என்று வந்து எங்கள் அறையிலேயே பாய்போட்டுப் படுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் முகத்தில் குழாயை மாட்டிக்கொண்டு படுக்க எனக்கு வெட்கம். இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று மாசம் அந்தப் பெட்டி இறங்கவில்லை. கனவும் நின்றுவிட்டது.

உனக்குத் தெரியாதது இனித்தான். போன மாசம் ஒருநாள் பகல் பதினொரு மணிபோல, ஒரு முஸ்லிம் மனிசியை வெள்ளவத்தையில் ஏற்றினேன். சாரிக் கடைப் பை இரண்டு, மாளிகாவத்தை மாடிவீட்டுக்குப் போகவேணும். நான் வழக்கம்போல வாயடித்துக்கொண்டு ஓடினேன். கொழும்பில் எனக்குத் தெரியாத ஒழுங்கை இல்லை, போனில் படம் பார்த்து ஓடுகிற பொடியன்களை எனக்குப் பிடிக்காது என்றெல்லாம் அளந்தேன். மருதானையில் ரயில் ஸ்டேசனைத் தாண்டினேன். சந்தி வந்தது. தம்பி, அந்தச் சந்தியை எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, கடைகளின் பெயர்ப்பலகை தெரிகிறது, ஆனால் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன வரும் என்கிற அறிவு இல்லை. கரும்பலகையை ஆரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டதுமாதிரி. ஓரத்தில் நிறுத்தினேன்.

"என்ன அண்ணன், பெற்றோல் முடிஞ்சா?"

"இல்லைத் தங்கச்சி. ஒரு நிமிசம்."

"தெரியாத ஒழுங்கை இல்லண்டு தெகிட்டத் தெகிட்டச் சொல்லிக்கிட்டு வந்தீங்க?"

"இப்ப இந்தச் சந்தி தெரியேல்லை."

அவ சிரிக்க வாயெடுத்தவ, கண்ணாடியில் என் முகத்தைக் கண்டுவிட்டு நிறுத்திவிட்டா. பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறதுமாதிரி மெதுவாக, "நேராப் போங்க. இப்ப இடப்பக்கம். மெல்ல. அந்த பேக்கரிக்கிட்ட வலப்பக்கம்" என்று வீட்டுவாசல் வரைக்கும் எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தா. முப்பது வருசம் ஓடிய பாதையில் ஒரு பயணி என்னைக் கூட்டிக்கொண்டு போனா. இறங்கி, பையை நிலத்தில் வைத்துவிட்டு ஒன்று சொன்னா. "எங்கட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு. ஊட்டில புள்ளைகளுக்கிட்டச் சொல்லுங்க அண்ணன். மறைக்க வாணாம்." நான் ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். உன்னிடம் மறைத்தேன்.

அன்றைக்கே பெட்டியை இறக்கினேன். போய்ச் சொன்னபோது டொக்டர் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். மெஷினை விட்டு நித்திரை கெட்டதாலும் இப்படி வரும், வேறு எதுவும் தொடங்கியிருக்கிறதோ என்றும் பார்க்கவேணும், அதுவரைக்கும் ஆட்டோவைத் தொடவேண்டாம் என்றா. அதனால்தான் ஆட்டோ கீழே சீலை மூடிக் கிடக்கிறது. சில்லுப் பழுது என்று உனக்குச் சொன்னது பொய். எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, இடைக்கிடை ஒரு சொல், ஒரு பெயர் தப்பிப்போகிறது, அவ்வளவுதான். கனவு திரும்ப வரத் தொடங்கியிருக்கிறது. நேற்றும் கடலில் ஓடினேன்.

இப்போது நீ கோபிக்கப்போகிற இடத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நானும் அம்மாவும் பஸ்சில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். தர்ஷியின் தாய் வாசலடி அறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் எழும்பினா.

"சம்மந்தி, ஒரு விசயம் சொல்லவேணும்."

"தாலிக்கொடியைப் பற்றியெண்டால் அவர் கடையால வரட்டும்."

"இல்லை. என்ர நித்திரையைப் பற்றி."

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கட நித்திரை எனக்கு ஏன் சம்மந்தி?" என்றா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், ரைஸ் குக்கர்ப் பெட்டி, பெரியப்பா, மருதானைச் சந்தி, ஒன்றும் விடவில்லை. உன்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது என்னுடைய வாயால் சொல்கிற விசயம் இல்லை. அவ தைத்துக்கொண்டிருந்த சீலையை மடித்தா, விரித்தா, திரும்ப மடித்தா.

"அப்ப இது பரம்பரையா வாறதோ?"

"கழுத்து, தாடை எல்லாம் ஒரே அச்சா வாற குடும்பங்களில வரக்கூடுமாம். பிடிச்சுப் பார்த்தா வைத்தியம் இருக்கு."

"மாப்பிள்ளைக்கு?"

"அதை அவரிட்டையே கேளுங்கோ."

அந்தப் பதிலே பதில் என்று அவவுக்கு விளங்கியிருக்கும். தேத்தண்ணித் தட்டோடு தர்ஷி வந்து நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "மாமா, அந்த மெஷின் சத்தம் போடுமோ?" என்றாள். இல்லைப் பிள்ளை, தூரத்தில் கடல் கேட்கிறமாதிரி ஒரு இரைச்சல் என்றேன். "அப்ப லொறியை விட அது நல்லம்தானே" என்றாள். குழாயடி மனிசி சொன்ன அதே பகிடி. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு வாய் எங்கிருந்துதான் வருகிறதோ. ஆனால் தாய் சிரிக்கவில்லை. வாசல்வரைக்கும் வந்து சொன்னா, "மறைச்சு, பிறகு எனக்குத் தெரியவந்திருந்தா கோவம் வந்திருக்கும். இப்ப பயம் மட்டும்தான். எனக்கு யோசிக்கவேணும்."

ஆகையால், தம்பி, உன் கலியாணத்தை நான் குழப்பியும் இருக்கலாம். அதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் கேட்பேன். ஆனால் தர்ஷி உன்னிடம் கேட்பாள். கேட்டால் தும்பிக்கை, யானை என்று பகிடி விட்டுத் தப்பாதே. அவளுக்கு உண்மை சொல்லு. அவள் கால் பெருவிரலால் உன்னை இடித்து இடித்து விடியுமட்டும் முழித்திருக்கிற ஒரு வாழ்க்கைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகாதே. அதற்கு முதல் பரிசோதனைக்குப் போ. உனக்கு ஒன்றும் இல்லையென்றால் நான் பைத்தியக்காரன் என்று ஊர் முழுக்கச் சொல்லு, நானே மைக் பிடித்துத் தருகிறேன். இருந்தால், உனக்கு இன்னும் வயது இருக்கிறது. எனக்கு அறுபதில் கிடைத்தது உனக்கு முப்பதில் கிடைக்கிறது. பெரியப்பாவுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணி. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். அப்பாவுக்காக வரவேண்டாம், வந்தால் போதும்.

தம்பி, இனி எழுதுவது அம்மா. அப்பா யன்னலடியில் தேத்தண்ணி குடிக்கிறார், நான் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறார்.

இந்தக் கடிதத்தை அவர் எனக்குச் சொல்வது இது மூன்றாம் தரம். முதலாவதை வெள்ளிக்கிழமை எழுதி, கவரில் போட்டு ஒட்டியும் வைத்தேன். சனிக்கிழமை காலையில் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, "தம்பிக்கு ஒரு கடிதம் எழுதவேணும், பேனையை எடும்" என்றார். நேற்று எழுதினதுதானே என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். புதுத் தாள் எடுத்தேன். இன்றைக்குத் திரும்பவும் பேனையை எடுக்கச் சொன்னார். இடைக்கிடை ஒரு பெயர் தப்புகிறது என்று அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், ஏனென்றால் அவருக்கு அவ்வளவுதான் தெரியும். டொக்டர் என்னிடம் தனியாகக் கதைத்தவ. மறதி நோயின் தொடக்கம்தான் என்கிறா. மெஷினைத் தொடர்ந்து போட்டால் கொஞ்சம் தெளியும், எவ்வளவு தெளியும் என்று சொல்ல ஏலாதாம். மூன்று மாசம் அது பெட்டிக்குள் கிடந்ததற்கு நான்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். டொக்டர் அப்படி நினைக்கவேண்டாம் என்கிறா. நான் நினைக்கிறேன்.

மூன்று கடிதமும் ஒன்றுபோல இல்லை. முதலாவதில் கேக் கொண்டுபோன மனிசி இல்லை. இரண்டாவதில் கனவில் பெரியப்பாதான் ஆட்டோ ஓட்டுகிறார், அப்பா பின்னால் இருக்கிறார். சம்மந்தி வீட்டில் தந்தது ஒன்றில் கோப்பி, ஒன்றில் சோடா. ஆனால் மூன்றிலும் கடைசியில் வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணி என்றுதான் சொன்னார். நாளும் பிழைக்கவில்லை, மணியும் பிழைக்கவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று காலையிலிருந்து என்னிடம் நாலு தரம் கேட்டவர்.

மூன்றையும் ஒன்றாகவே அனுப்புகிறேன். அவருக்குச் சொல்லாதே. வியாழக்கிழமை அவரை நான் கூட்டிக்கொண்டு வருவேன். வாசலில் உன்னைக் கண்டதும், "நீ ஏன் இஞ்ச வந்தனி?" என்று அவர் கேட்கவும் கூடும். கேட்டால் முகத்தை மாற்றாதே, ராசா. நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள் என்று சொல்லு.